முதுகில் ஓர் ஊசி, புருவத்தில் இரண்டு தையல்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், அதாவது முப்பது வருடமாக நீங்கள் பேச்சை நிறுத்திவைத்திருக்கும் அதே மனிதன், வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருக்கிறீர்கள் என்றால் அதற்கு முதலில் நன்றி. நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இங்கே நாங்களும் சுகம்தான். ஆனால் அங்கங்கே தையல் போட்ட சுகம். போனில் கூப்பிடலாமே என்று தோன்றும். போனை எடுத்து நீங்கள் "யாரு?" என்று கேட்டால் எனக்குக் குரல் வராது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை மகளுக்குப் போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தாயும் பிள்ளையும் நலம். தாத்தாவுக்குத்தான் வலது புருவத்துக்கு மேல் இரண்டு தையல். பிரசவம் பார்க்கப் போனவனுக்கு எப்படித் தையல் விழுந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறார். நடுக்கடலில் இறக்கிவிடுங்கள் என்று அவர் கேட்க முடியாதே, அதனால் ஏழாம் மாதமே மகள் என்னோடு வந்துவிட்டாள். எட்டாம் மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கையில் ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தாள். "அப்பா, வலி தெரியாம இருக்க முதுகுல ஒரு ஊசி போடறாங்களாம். மயக்கமெல்லாம் இல்லயாம், முழிச்சிட்டே இருக்கலாமாம். இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப் போகுமாம். போட்டுக்கலாமான்னு பாக்கறேன்" என்றாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரிப்பதில் நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முடிவெட்டுகிறவரைக் கேட்டேன், அவர் தம்பி மனைவி அந்த ஊசி போட்டதிலிருந்து ஒரு வாளி தண்ணீர் தூக்க முடியாமல் கிடக்கிறாளாம். என்னிடம் கார் ஓட்டப் படித்த ஒருவரைக் கேட்டேன், கால் இரண்டும் நிரந்தரமாகப் போய்விடும் என்றார், ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் மூன்று தடவை டெஸ்ட்டில் தோற்ற ஆள், இந்த விஷயத்தில் மட்டும் அவ்வளவு தெளிவாகச் சொன்னார். இப்படி ஏழு பேரை விசாரித்ததில் ஆறு பேர் ஆண்கள். ஏழாவது ஆள் ஒரு பெண். அந்த ஊசி போட்டுப் பிள்ளை பெற்றவள். "நல்லா இருந்துச்சு சார்" என்றாள். ஒரே ஒருத்தர் சொல்வதை எப்படி நம்புவது என்று அதைத் தள்ளிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் அதையெல்லாம்கூடச் சொல்லவில்லை, அக்கா. ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். "உங்கம்மா உன்னப் பெக்கறப்ப ஒரு சத்தம் போடல, தெரியுமா?" என்றேன். அவளுக்குத் தெரியாமல் என்ன? ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் நான் சொல்லிச் சொல்லி அவள் மனப்பாடமாக வைத்திருக்கும் கதைதானே அது. பல்லைக் கடித்துக்கொண்டு, ராணி மாதிரி, ஒரு முனகல்கூட இல்லாமல் பெற்றாள் உங்கம்மா என்று சொல்வேன். நான் அதைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் தங்கை எழுந்து உள்ளே ஏதோ வேலை இருப்பதுபோலப் போய்விடுவாள். புகழ்ந்தால் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். மகள் அந்தப் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தாள். அதற்குப் பிறகு ஊசியைப் பற்றி அவள் பேசவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அவளுக்கு வலி எடுத்தது. முப்பத்தொரு வருடம் ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் சொந்த மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், ஒரு தப்பு நடக்கலாமா? திரும்பும் இடமெல்லாம் விளக்குப் போட்டு, கண்ணாடி பார்த்து, மஞ்சள் விழுந்த சிக்னலில் நிறுத்தி, மணிக்கு இருபது கிலோமீட்டரில் போனேன். பின் சீட்டில் அவள் கதவுப் பிடியை முறுக்கிக்கொண்டு, "அப்பா, ரோட்ல ஒரு ஈ காக்கா இல்லப்பா, போங்களேன்!" என்றாள். "அதனாலதாம்மா கவனமா இருக்கணும்" என்றேன். போய்ச் சேர்ந்ததும் காரை இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக நிறுத்த மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்தேன். மூன்றாவது தடவை அவள் காரில் இல்லை. தானே இறங்கி நடந்து உள்ளே போய்விட்டாள்.

பிரசவ அறையில் கூட ஓர் ஆள் இருக்கலாம் என்று விட்டார்கள். அங்கே ஒரு நர்ஸம்மா, என் வயதுக்குப் பத்து குறைவாக இருக்கும், வந்ததும் முதல் கேள்வி, "ஊசி போட்டுக்கறியாம்மா?" என்பதுதான். "வேண்டாம் சிஸ்டர். எங்கம்மா எதுவும் போட்டுக்கல" என்றாள் மகள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வலி வரும்போதும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. நர்ஸம்மா பார்த்துவிட்டு, "என்ன ஐயா, அங்க எதையாவது மிதிச்சிட்டீங்களா?" என்றார். "பிரேக்மா. பழக்கம்" என்றேன். "பிள்ளை வெளிய வரணும்னா கொஞ்சம் காலை எடுங்க" என்றார்.

சிரிப்பு அத்தோடு முடிந்துவிட்டது, அக்கா. பத்து மணி, பதினோரு மணி. வலி வர வர அவள் ஒரு துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டாள். முகம் கருத்துப்போகிறது, கழுத்து நரம்பு விரல் தடிமனுக்கு எழும்புகிறது, கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, வாயிலிருந்து மட்டும் ஒரு சத்தம் இல்லை. நர்ஸம்மா அவள் தலையைத் தடவி, "கத்தும்மா, கத்தினா ஒண்ணும் தப்பில்ல. இங்க எல்லாரும் கத்தறதுதான்" என்றார். துண்டை எடுத்துவிட்டு, "எங்கம்மா கத்தல" என்றாள். மறுபடி கடித்துக்கொண்டாள். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்து, படி இறங்கி, காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

முப்பது வருடத்துக்கு முன்னால் செய்ததையேதான் செய்தேன். அன்றைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் என் கையால் ஒரு தடவை எழுதினால்தான் எனக்கு ஆகும். அன்றைக்குப் பயிற்சிக் காரை ஆஸ்பத்திரிச் சுவரோரம் நிறுத்தியிருந்தேன். மேலே உங்கள் தங்கை பிரசவ வலியில் இருந்த அறையின் ஜன்னல். முதலில் நடைபாதையில்தான் நின்றேன். சத்தம் கேட்டது. காருக்குள் போனேன், கேட்டது. கண்ணாடியை ஏற்றினேன், அப்போதும் கேட்டது. ரேடியோவைப் போட்டேன். நீங்கள் படியில் ஓடி வந்தீர்கள். தலை கலைந்திருந்தது. உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினீர்கள். நீங்கள் சொன்னது என் காதில் விழவில்லை, ஆனால் வாயசைவு புரிந்தது. "உள்ள வாங்க, உங்களத்தான் கூப்பிடறா." நான் முதல் கியர் போட்டேன். உங்கள் கை இன்னும் கண்ணாடியில் இருந்தது. நேராகப் பயிற்சி மைதானத்துக்குப் போனேன். ஆள் யாரும் இல்லை. இருட்டும் வரைக்கும் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை எட்டு என்று தெரியாது. திரும்பி வந்தபோது பிள்ளை துணியில் சுற்றிக் கிடந்தது. உங்கள் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். "பதினாலு மணி நேரம். மனுஷனா நீ?" என்று மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் போனீர்கள். மறுநாள் பார்க்க வந்தவர்கள், எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார்கள். அங்கே இல்லாதவன் என்ன சொல்வேன்? ஒரு சத்தம் போடவில்லை என்றேன். கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தது. அதையே வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காருக்குள் உட்கார்ந்திருந்தபோது கண்ணாடியைத் தட்ட யாரும் வரவில்லை. மாப்பிள்ளை கடலில். உங்கள் தங்கை போய் நாலு வருடம். உங்களை நானே விரட்டியாயிற்று. கால் மணி நேரம் இருந்திருப்பேன். சாவியைக்கூடத் துளையில் நுழைத்துவிட்டேன். அப்புறம் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனேன். வீரமெல்லாம் இல்லை, அக்கா. போவதற்கு இப்போது மைதானம் இல்லை, அங்கே அடுக்குமாடி கட்டிவிட்டார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, "அம்மா கத்தினாம்மா" என்றேன்.

துண்டை எடுத்தாள். "என்னப்பா?"

"உங்கம்மா கத்தினா. நல்லாவே கத்தினா. ரோடு வரைக்கும் கேட்டுச்சு. நான் கார்ல உக்காந்து கேட்டுட்டு இருந்தேன். அப்புறம் கேக்க முடியாம ஓடிட்டேன். சத்தம் போடலன்னு நான் சொன்னது... நான் அங்க இல்லவே இல்லம்மா."

அவள் என்னையே பார்த்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து அடுத்த வலி வந்தது. துண்டைத் தேடவில்லை. "முப்பது வருஷமா! முப்பது வருஷமாப்பா!" என்று ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், பக்கத்து அறைக்காரி வீட்டு ஆட்கள் கதவுக்கு வந்துவிட்டார்கள். நர்ஸம்மாவுக்கு மட்டும் ரொம்ப சந்தோஷம். "அப்படித்தான் கண்ணு. இப்பதான் மூச்சு ஒழுங்கா விடற" என்றார். வலி இறங்கியதும் மகள் சொன்னாள், "சிஸ்டர், ஊசி போடச் சொல்லுங்க." "காலைலயே கேட்டேனேம்மா?" "காலைல எங்கப்பா உண்மையச் சொல்லல."

மயக்க மருந்து டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். நான் பாக்கி வைத்திருந்த ஆறு ஆண்களின் கேள்வியையும் அவரிடம் இறக்கினேன். கால் போய்விடுமா? "கொஞ்ச நேரம் கனமா இருக்கும், திரும்பி வந்துடும்." காலமெல்லாம் முதுகு வலிக்குமா? "குத்தின இடம் ரெண்டு மூணு நாள் வலிக்கும். அதுக்கு மேல வலிச்சா அதுக்கு ஊசி காரணமில்ல." வயிற்றைக் கிழிக்க வேண்டிவருமா? "இதனால வராது. ஆனா பிள்ளையத் தள்ளற நேரம் நீளலாம், சில சமயம் தலைல கிண்ணம் வெச்சு இழுக்க வேண்டியிருக்கும். இதெல்லாம் உங்க பொண்ணுகிட்ட சொல்லியாச்சு, அவங்க கையெழுத்தும் போட்டாச்சு. நீங்க தயவுசெஞ்சு உக்காருங்க ஐயா." நான் உட்காரவில்லை. இவ்வளவு நாள் ஓடினவன், இன்றைக்கு நின்றே பார்ப்பது என்று ஒரு வீம்பு. மகளைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைக்கச் சொன்னார்கள். அசையக் கூடாது. முதலில் தோலை மரக்க வைக்கச் சின்ன ஊசி. பிறகு பெரியதை எடுத்தார். அதன் நீளத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது தரை.

ஊசி மருந்துச் சாமான் வைத்திருந்த தள்ளுவண்டியின் விளிம்பில் பட்டுப் புருவம் கிழிந்திருந்தது. பக்கத்து அறைக்குத் தூக்கிப் போய்ப் படுக்க வைத்தார்கள். தைக்க வேண்டும் என்றார்கள். உடனே யாரோ, "மரத்துப் போற மருந்து போடுங்க! போடாம தைக்காதீங்க!" என்று கட்டடம் அதிரக் கத்தினார்கள். யார் இப்படிக் கத்துவது என்று பார்த்தேன். நான்தான். "போடாமத் தைப்பமா ஐயா, எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்றார் தைக்க வந்தவர். சுவருக்கு அந்தப் பக்கம் மகளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. இரண்டே தையல், அக்கா.

நான் கட்டுப் போட்டுத் திரும்பி வந்தபோது அறையில் நாலு பேர் நின்றார்கள். மகளுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. முகம் வெளுத்து, வாந்தி வருவதுபோல இருக்கிறது என்றாள். பிள்ளையின் இதயத்துடிப்பைச் சொல்லும் பெட்டியில் சத்தம் மெதுவாகிக்கொண்டே போனது. அவளை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, டிரிப்பை வேகமாக விட்டு, ஏதோ மருந்தும் ஏற்றினார்கள். "இந்த ஊசிக்கு இப்படி வர்றதுதான், ஏறிடும்" என்றார் டாக்டர். ஐந்து நிமிஷம் இருக்குமோ என்னவோ. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை உட்காரச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. பிறகு சத்தம் பழையபடி ஓட ஆரம்பித்தது. அப்படி ஒரு ஓட்டத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை, அக்கா.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவளுக்கு உடம்பு நடுங்கியது, மூக்கு அரிக்கிறது என்றாள், போர்த்திவிட்டார்கள். அப்புறம் தூங்கிவிட்டாள். அதைத்தான் உங்களுக்கு எழுத நினைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் இயந்திரம் வலியைக் காகிதத்தில் வரைந்துகொண்டே இருக்கிறது. மலை மாதிரி ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. அவள் வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளையில் தூங்குவாளே அப்படித் தூங்குகிறாள். நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மலையும் உங்கள் தங்கை ஏறியது. பதினாலு மணி நேரம். அந்தக் காலத்தில் அந்த ஆஸ்பத்திரியில் இந்த ஊசி இல்லை. ஊசி இல்லாதது என் தப்பில்லை. ஆனால் அவள் பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தது. அது ஸ்டியரிங்கில் இருந்தது. அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு நாள்கூட "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. நான் சொல்லும் அந்தக் கதையை ஒரு தடவைகூடப் பொய் என்று சொன்னதில்லை. இந்த இடத்தில் எழுத்துக் கலைந்திருந்தால் மன்னிக்கவும்.

மூன்றரைக்கு வழி முழுக்கத் திறந்துவிட்டது என்றார்கள். டாக்டரம்மா சொன்னதுபோலவே நீண்டது. எப்போது முக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. நர்ஸம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "இப்ப!" என்பார், அவள் மூச்சைப் பிடித்துத் தள்ளுவாள். இரண்டு மணி நேரம். கடைசியில் பிள்ளையின் தலையில் கிண்ணம் வைத்து, அவள் தள்ளும்போது இவர்கள் இழுத்து, வந்துவிட்டது. தலை மேலே கூம்பு மாதிரி நீண்டிருந்தது. "இப்படியேவா இருக்கும்?" என்று பதறிவிட்டேன். "ரெண்டு நாள்ல உருண்டையாகிடும், நீங்க மறுபடி விழாம இருங்க" என்றார் நர்ஸம்மா. சொன்ன மாதிரியே ஆகிவிட்டது. பிள்ளை வீறிட்டு அழுதது. மார்பில் போட்டதும் மகள் அதன் முதுகைத் தடவி, "கத்துடா, நல்லாக் கத்து" என்றாள். எனக்குச் சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது.

மறுநாள் கிட்டே போய், "என்ன மன்னிச்சிடும்மா" என்றேன். ஒன்றும் பேசாமல் என் நெஞ்சில் கை வைத்தாள். வாய்விட்டுச் சொல்லாவிட்டால் என்ன, பெற்றவனுக்குத் தெரியாதா? மன்னித்துவிட்டாள். ஆக இங்கே எல்லாம் சரியாகிவிட்டது. நீங்கள் இந்த வயதில் பஸ் ஏறி அலைந்து வர வேண்டியதில்லை. உங்கள் தங்கையின் காரியத்தன்று நீங்கள் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் நின்றோமே, அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடியை இறக்காமல் போனதற்கு என்னை மன்னிக்க முடியுமானால் மன்னியுங்கள். முடியாவிட்டாலும் அது நியாயம்தான்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. புதிதாக வந்தவள் எல்லோருக்கும் ஒரு கொட்டாவி அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
முன்பு நீங்கள் தம்பி என்று கூப்பிட்ட ஒருவன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன்னால் மகளுக்கு இதை வாசித்துக் காட்டினேன். பால் கொடுத்துக்கொண்டே கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு, "நான் எப்பப்பா உங்கள மன்னிச்சேன்?" என்றாள். "நெஞ்சுல கை வெச்சியேம்மா" என்றேன். "காத்து வரல, தள்ளி நில்லுங்கன்னு தள்ளினேன்" என்றாள். ஆகவே மன்னித்துவிட்டாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டு வாசிக்கவும். வர வேண்டியதில்லை என்பதையும் அடித்துவிடவும். "பெரியம்மாவ வரச் சொல்லுங்க. அம்மா பதினாலு மணி நேரம் என்ன சொல்லிக் கத்தினான்னு அவங்களுக்குத்தான் தெரியும். எனக்கு அது தெரியணும்" என்கிறாள். நீங்கள் வந்து சொல்லும்போது நான் வெளியே போய்விடட்டுமா என்று கேட்டேன். பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "உள்ளேயே இருங்க" என்றாள்.